ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கால்

அண்ணையின் கால்கள் பழுதாவதை முதலில் கண்டவர்கள் அவருடன் வொலிபோல் விளையாடியவர்கள். கோப்பாயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வெங்காயத் தோட்டங்களைத் தாண்டி ஒரு வெறுங்காணி இருந்தது. வேலையால் வருகிறவர்கள் அங்கே வலை கட்டிப் பொழுதுபடும்வரை விளையாடுவார்கள். வலைக்கு முன்னால் எழும்பி அடிக்க அண்ணையை விட்டால் ஆளில்லை. எண்பத்துநாலில் மாரி முடிந்து மறுபடி வலை கட்டியபோது அவரால் எழும்ப முடியவில்லை. கைகள் மேலே போயின, கால்கள் நிலத்திலேயே நின்றன. பந்து தலைக்கு மேலாகப் போனது. கலியாணம் கட்டி உடம்பு வைத்துவிட்டது என்று கூட்டாளிகள் பகிடி பண்ணினார்கள். அண்ணையும் சேர்ந்து சிரித்தார்.

அவருக்கு அப்போது முப்பது ஆகவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைத் திருத்தும் பகுதியில் வேலை. அங்கே தட்டெழுத்து வேலை செய்த குருநகர்ப் பெண் ஒருவரை விரும்பிக் கட்டியிருந்தார். அவரை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். மச்சாளின் தகப்பன் கடலுக்குப் போகிறவர்; அவர்கள் கத்தோலிக்கர்கள். நாங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த புரட்டஸ்தாந்துக் குடும்பம். கோயிலும் வேறு, சாதியும் வேறு. அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சான் மச்சாள். எங்கள் பக்கத்தில் வெளியில் பெண் எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. கரவெட்டியில் இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, தன் மகளை அண்ணைக்கென்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார். அண்ணை அதைக் குழப்பிவிட்டார். அப்பா முன்பே இறந்துபோயிருந்ததால் அம்மா தனியாகவே நின்று எதிர்த்தார். கலியாணத்துக்குப் போகவில்லை. குழந்தை பிறந்த பிறகும் போகவில்லை.

அடுத்த வருடம் தொழிற்சாலையில் இரும்பு ஏணியால் இறங்கும்போது அண்ணை விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் ஏன் விழுந்தார் என்று பார்க்கப்போய்த்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அலுமாரியின் மேல் தட்டை எட்ட அவரால் குதிகாலை உயர்த்த முடியவில்லை. கெண்டைக்கால்கள் இரண்டும் மெலிந்திருந்தன. கதிரையிலிருந்து எழும்ப இரண்டு கைகளும் தேவைப்பட்டன. கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தில் தசையிலிருந்து கசிகிற ஏதோ ஒன்று அளவுக்கு மிஞ்சி இருந்தது. தொடையிலிருந்து ஒரு துண்டுச் சதை வெட்டிச் சோதித்தார்கள். தசையில் அழற்சி, மருந்தால் அடக்கலாம் என்று பதில் வந்தது. அந்தச் சொல் எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மருந்துள்ள வருத்தம்! அம்மா ஞாயிறு ஆராதனையில் போதகரிடம் சொல்லி நன்றி ஜெபம் பண்ணுவித்தார்.

மருந்து என்பது சின்ன வெள்ளைக் குளிசைகள். காலையில் ஒரு கைப்பிடி. அண்ணையின் முகம் சில மாதங்களில் பூரணச் சந்திரன் போல ஊதிவிட்டது. வயிறு வைத்தது, கைகால் இன்னும் மெலிந்தது. இரத்தத்தில் சீனி ஏறிச் சலரோகம் வந்தது. வேலைக்குப் போக முடியாத நிலையில் மச்சாளையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா மறுக்கவில்லை. ஆனால் மச்சாளுடன் தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவும் இல்லை. உப்பு எங்கே, பால் காய்ச்சியாயிற்றா, அவ்வளவுதான். மச்சாள் அதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை. அவர் சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள். எங்கள் வீட்டில் வந்து அந்தச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

நான் அந்த நாட்களில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. பள்ளியில் படித்தபோது நூறு மீற்றரும் நீளம் பாய்தலும் என்னுடையவை. அதனாலேயே அந்த வேலை கிடைத்தது. காலையில் சைக்கிளில் போய், வெயில் ஏறுமுன் பிள்ளைகளை ஓடவிட்டு, நானும் கூட ஓடுவேன். அண்ணைக்குப் பேசிய கலியாணம் குழம்பியதால் வந்த மனஸ்தாபத்தை ஆற்றுவதற்கு என்னை மாமாவின் மகனுக்குக் கொடுப்பதென்று அம்மாவும் மாமாவும் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அதில் மறுப்பிருக்கவில்லை. மச்சானைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதிகம் பேசாத, நல்ல மனிதர்.

அண்ணை குளிசை போட்டு மூன்றாவது வருடம் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் பகுதியில் இந்திய இராணுவத்தின் சுற்றிவளைப்பு ஒன்று நடந்தது. ஆண்களையெல்லாம் வாசிகசாலைக்கு முன்னால் நிலத்தில் இருத்தினார்கள். நாங்கள் வேலி ஓரத்தில் நின்றோம். ஒவ்வொருவராக எழும்பி நடந்து வரச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். அண்ணையின் முறை வந்தது. அவர் எழும்பவில்லை. சிப்பாய் மறுபடி கையைக் காட்டினான். பிறகு துவக்கின் நுனியால் தோளில் தட்டினான். தன்னை அவமதிக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும். மச்சாள் குழந்தையை என் கையில் தந்துவிட்டு முன்னால் போய், அவருக்கு ஏலாது, கால் ஏலாது என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அண்ணை அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, குப்புறத் திரும்பி, கைகளை நிலத்தில் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி, கைகளை முழங்காலில் வைத்து, தொடையில் வைத்து, தன் உடம்பைத் தானே பிடித்து ஏறுவது போல ஏறி நிமிர்ந்தார். அதற்கு நெடுநேரம் எடுத்தது. சிப்பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளுக்குக் கையைக் காட்டினான்.

மருந்து வேலை செய்யவில்லை என்பதை அன்றுதான் நாங்கள் வாய்விட்டுச் சொன்னோம். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்ததும் அண்ணையே சொன்னார், வருத்தம் தொடங்கியபோது இப்படி எழும்ப வேண்டியிருக்கவில்லை என்று.

நகரத்தில் தனியார் மருத்துவமனையொன்றில் லண்டனில் சில காலம் இருந்துவிட்டு வந்த வைத்தியர் ஒருவர் பார்க்கிறார் என்று மச்சாள் விசாரித்து அறிந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், மெல்லிய குரல், அவசரப்படாத மனிதர். அண்ணையின் பழைய றிப்போட்டுகளை வாசித்து முடித்துவிட்டு, அவற்றை மடித்து ஒரு பக்கம் வைத்தார். அண்ணையை நடக்கச் சொன்னார், நுனிக்காலில் நிற்கச் சொன்னார், இருந்து எழும்பச் சொன்னார். அழற்சி என்று முன்பு பார்த்தவர் சொன்னதில் பிழை காண முடியாது, அந்த இரத்தத்தையும் அந்தச் சதையையும் பார்த்தால் ஆரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்றார். ஆனால் தனக்கு ஒரு சந்தேகம். அழற்சியென்றால் இவ்வளவு குளிசைக்குக் கொஞ்சமாவது அடங்கியிருக்க வேண்டும். வயிற்றில் இருக்கிற பிள்ளையைப் பார்க்கிற ஸ்கான் மெசினால் தசையையும் பார்க்கலாம், அங்கே அப்படிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், நான் கண்டிருக்கிறேன் என்றார். இங்கே யாரும் செய்ததில்லை. செய்து பார்ப்போமா என்று கேட்டார்.

அடுத்த கிழமை அண்ணை, மச்சாள், நான் மூவரும் வாடகைக் காரில் போனோம். ஸ்கான் அறைக்கு வெளியே வாங்கில் பிள்ளைத்தாச்சிகள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அண்ணை இருக்கக் கூச்சப்பட்டு, முடியாத காலோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் தன் இடத்தைக் கொடுத்தார். அண்ணை வேண்டாம் என்றார்.

உள்ளே யன்னலைச் சீலையால் மூடி அறையை இருட்டாக்கியிருந்தார்கள். டொக்டர் அண்ணையின் தொடையில் குளிர்ந்த களியைப் பூசி, சவர்க்காரக் கட்டி அளவான ஒரு கருவியை அதன்மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். சின்னத் திரையில் விசிறி போல ஒரு படம் விரிந்தது. எங்களுக்குப் பக்கத்தில் வந்து பார்க்கச் சொன்னார். நல்ல தசை கறுப்பாகத் தெரியும், அதற்கு அடியில் எலும்பு ஒரு வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று தெரியும் என்று விளக்கினார். தசை அழிந்து அந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துவிட்டால் படம் வெளுத்துப் போகும். எலும்பு மறைந்துவிடும்.

அண்ணையின் தொடையில் பின்பக்கம் வெளுத்திருந்தது, முன்பக்கத்தில் இன்னும் கறுப்பு மிச்சமிருந்தது. கெண்டைக்காலுக்கு வந்தபோது திரை முழுவதும் ஒரே வெள்ளை. மார்கழிக் காலையில் வயல் வெளியை மூடுகிற பனிப்புகார் போல இருந்தது. எலும்பு எங்கே என்று நான் தேடினேன். காணவில்லை.

டொக்டர் இரண்டு காலையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். அழற்சி இப்படி இடம் பார்த்துத் தின்னாது, ஒரு தசையை முழுதாக முடித்து அடுத்ததை விட்டு வைக்காது, இது வேறு என்றார். ஆனால் அவருக்கு ஒரு தயக்கம் இருந்தது. அந்த மெசின் வயிற்றைப் பார்ப்பதற்கென்று சரிபண்ணி வைத்தது. இந்த வெளுப்பு வருத்தத்தால் வந்ததா, மெசினால் வந்ததா என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

“சுகமான ஒரு காலையும் பாத்தால்தான் என்னாலை சொல்ல ஏலும்,” என்றார். “ஆர் படுக்கிறியள்?”

அண்ணை என்னைக் காட்டினார். “தங்கச்சியைப் பாருங்கோ டொக்டர். அவள் பள்ளிக்கூடத்திலை ஓட்டம் பழக்கிறவள். அவளின்ரை காலை விடப் பலமான கால் எங்கடை வீட்டிலை இல்லை.”

நான் சிரித்துக்கொண்டுதான் ஏறிப் படுத்தேன். களி குளிர்ந்தது. என் தொடையில் கறுப்பும் எலும்பின் வெள்ளைக் கோடும் அச்சடித்தது போலத் தெரிந்தன. இதுதான், இப்படித்தான் இருக்க வேண்டும் என்று டொக்டர் அண்ணைக்குக் காட்டினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு குப்புறப் படுக்கச் சொன்னார். குப்புறப் படுத்ததால் திரை எனக்குத் தெரியவில்லை. கருவி கெண்டைக்காலின் உட்பக்கத்தில் ஏறி இறங்கி, நின்று, மறுபடி ஏறியது. மற்றக் காலுக்குப் போனது. திரும்பி முதல் காலுக்கு வந்தது.

நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்புக்குள்ளே வெள்ளைக் கீறல்கள் ஓடியிருந்தன. கெண்டைக்காலின் உட்பக்கத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகத் தெரிந்தன.

இறங்கி நிற்கச் சொன்னார். நுனிக்காலில் நிற்கச் சொன்னார். நின்றேன். “இப்ப ஒரு காலிலை நிண்டு, குதியை உயர்த்தி உயர்த்தி இறக்கும் பாப்பம்,” என்றார். வலக்காலில் செய்தேன். கொஞ்ச நேரத்தில் அது நடுங்கத் தொடங்கியது. இடக்காலில் இரண்டு மூன்று தரத்துக்கு மேல் குதி எழும்பவில்லை.

“எவ்வளவு காலமாய் இப்பிடி?”

“எப்பிடி?” என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஓடி முடிந்தால் கால் உளைகிறது, அது எல்லோருக்கும் வருகிறதுதானே என்று நினைத்திருந்தேன். அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இப்போது ஒன்றும் இல்லை.

அப்போது ஒருவரும் கேட்காமல் மச்சாள் கட்டிலில் ஏறினார். சீலையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கி, “என்ரையைப் பாருங்கோ டொக்டர், மெசினிலை பிழையோ எண்டு தெரியட்டும்,” என்று சொல்லிக் குப்புறப் படுத்தார். டொக்டர் பார்த்தார். மச்சாளின் கெண்டைக்கால் திரையில் நல்ல கறுப்பாக, ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. மெசினில் பிழையில்லை.

டொக்டர் எங்கள் மூவரையும் தன் அறையில் இருத்தினார். தாய் தகப்பன் சொந்தமோ என்று கேட்டார். ஓம், மச்சான் மச்சாள் என்று அண்ணை சொன்னார். இது இரத்தத்தில் வருகிற வருத்தம் என்று அவர் விளக்கினார். தாயிடமும் தகப்பனிடமும் ஒவ்வொரு பங்கு ஒளிந்திருக்கும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு பங்கும் ஒரு பிள்ளையில் வந்து சேர்ந்தால்தான் வருத்தம் வரும். இப்படியான பிள்ளைகள் சின்ன வயதில் நல்ல ஓட்டக்காரராகவும் பாய்ச்சல்காரராகவும் இருப்பதுண்டு, அதனால் ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றார். மருந்து இல்லை. எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்ல முடியாது. வருடக்கணக்கில் மெதுவாகப் போகும்.

அண்ணை தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “என்ரை மகளுக்கு?” என்றார்.

“உங்கடை மனிசி உங்களுக்குச் சொந்தமோ?”

“இல்லை டொக்டர். குருநகர்.”

“அப்ப பிள்ளைக்கு உங்கடை பங்கு மட்டுந்தான் போயிருக்கும். அவவிட்டை உது இருக்கிறதுக்கு இடம் இல்லை எண்டே சொல்லலாம். பிள்ளை தப்பும்.”

மச்சாள் சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் கண்டது அதுதான் முதல் தரம்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு டொக்டர் இன்னொன்றும் செய்தார். முழுதாக அழிந்துபோகாத, ஆனால் வருத்தம் தொட்டுவிட்ட ஒரு தசையைப் படத்தில் பார்த்துத் தெரிந்து, அண்ணையின் தொடையில் அந்த இடத்திலிருந்து மறுபடி ஒரு துண்டு எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவித்தார். பாதை திறந்தும் மூடியும் கிடந்த காலம். பதில் வர மாதங்கள் சென்றன. அழற்சி இல்லை, தசை நலிவு என்று வந்தது. அதற்குள் குளிசைகளை டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார். ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து என்று எச்சரித்திருந்தார்.

கடைசிக் குளிசையை விட்ட நாள் அண்ணைக்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்று நான் நினைத்தேன். அவர் என்னைக் கூப்பிட்டு அருகில் இருத்தினார். “அந்தக் குளிசையைப் போடேக்கை சுகம் வரும் எண்டு நம்பிக்கொண்டு போட்டன்,” என்றார். “இனிக் காலமை எழும்பி என்னத்தைப் போடுறது?” அந்தக் கேள்வி எனக்கும் உரியதாக இருந்தது.

அம்மாவுக்கு என்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று அண்ணையையும் மச்சாளையும் கேட்டிருந்தேன். அண்ணையால் மறைக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். நுனிக்காலில் நின்று காட்டச் சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. சாப்பாடு போட்டுத் தந்தார். அடுத்த நாள் காலையில் வெள்ளைச் சீலை உடுத்துக் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கரவெட்டிக்குப் போனார். பின்நேரம் திரும்பி வந்து, தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் காலை ஊருக்கு விளம்பரம் பண்ண உங்களுக்கு ஆர் உரிமை தந்தது என்று கேட்டேன். நான் மச்சானிடம் நானாகச் சொல்லியிருப்பேன் என்றேன்.

“நீ சொல்லுறதும் நான் சொல்லுறதும் ஒண்டில்லை, பிள்ளை,” என்றார் அம்மா. “அந்தப் பங்கு என்னட்டை இருந்து வந்தது. அவன் என்ரை கூடப்பிறந்தவன். அவன்ரை வீட்டிலையும் அது இருக்கும். ஒண்டும் தெரியாமல் அவனைக் கூப்பிட்டுத் தேவாலயத்திலை நிப்பாட்ட என்னாலை ஏலாது.”

மாமா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை. அவருக்கு எங்களில் கோபமா, பயமா, இரண்டுமா என்று நான் அறியேன். எங்களைக் கண்டால் தன் பிள்ளைகளின் கால்கள்தான் அவருக்கு நினைவு வந்திருக்கும்.

மச்சான் ஒருதரம் வந்தார். சைக்கிளை உள்ளே கொண்டுவராமல் படலையில் சாய்த்துவிட்டு முற்றத்தில் நின்று சுகம் விசாரித்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று பல மாதிரி நினைத்து வைத்திருந்தேன். கலியாணத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. அந்த மெசின் எங்கே இருக்கிறது, தன் காலையும் பார்க்க ஏலுமோ என்று மெல்லக் கேட்டார். இடத்தைச் சொன்னேன். அவர் போய்ப் பார்த்தார் என்றும் படத்தில் ஒன்றும் இல்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அந்த வருடம் முடியுமுன் கனடாவுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவரது கால் கறுப்பாகத் தெரிந்திருக்கும் அந்தத் திரையை நினைத்துக்கொண்டு பல நாள் எரிச்சலோடு கிடந்தேன்.

அம்மா மச்சாளோடு கதைக்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அதன் கெண்டைக்காலை உருவிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அடுப்படியில், தேங்காய் துருவிக்கொண்டிருந்த மச்சாளுக்குக் கேட்கத்தக்கதாக, “நல்ல காலம், அவன் என்ரை சொல்லைக் கேக்கேல்லை,” என்றார். மச்சாள் துருவுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, மாமி, பாதித் தேங்காயை நாளைக்கு வைப்பமோ என்று கேட்டார்.

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியதும் மின்சாரம் போனது. போனது போனதுதான், திரும்பி வரவில்லை. டொக்டரின் மெசின் சீலை போர்த்தபடி நின்றது. பிறகு டொக்டரும் தன் குடும்பத்தோடு வெளியேறிவிட்டார். காங்கேசன்துறையில் தொழிற்சாலை நின்றுபோனது, மச்சாளின் வேலையும் அதோடு போனது. அவர் தையல் மெசினை மிதித்து ஊருக்குச் சட்டை தைத்தார்.

குளிசை நின்ற பிறகும் அது செய்துவிட்டுப் போன கேடு நிற்கவில்லை. அண்ணையின் எலும்புகள் உக்கிப்போயிருந்தன. சலரோகத்துக்கு ஊசி மருந்து கிடைப்பது அருந்தல். கிடைத்தால் ஐஸ் பெட்டி இல்லை. மண் சட்டியில் ஈர மணலைப் போட்டு அதற்குள் மருந்துப் போத்தலைப் புதைத்து வைத்தோம். பொம்பர் வரும் சத்தம் கேட்டதும் எல்லோரும் பங்கருக்குள் ஓடுவோம். அண்ணையை இறக்க முதலில் இரண்டு பேர் தூக்கினோம். அவரைத் தூக்க நிற்பதால் குழந்தை வெளியே நிற்க வேண்டி வருகிறது என்று கண்டதும், ஒருநாள் அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வர மறுத்துவிட்டார். பிறகு எப்போதும் வரவில்லை. நாங்கள் நிலத்துக்கடியில் இருப்போம், அவர் மேலே கட்டிலில் இருப்பார். குண்டு விழுந்து மண் உதிரும். சத்தம் ஓய்ந்ததும் மச்சாள் முதலில் வெளியே தலையை நீட்டி அவரைக் கூப்பிடுவார். “ஓம், இருக்கிறன்,” என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

குண்டு அவரைத் தொடவில்லை. காலில் பட்ட ஒரு சின்ன உரசல் ஆறாமல் புண்ணாகி, கறுத்து, மேலே ஏறியது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். அந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரிந்த கால் அது. மயக்க மருந்து போதாமல் அவர் பட்ட பாட்டை நான் இங்கே எழுதவில்லை. காய்ச்சல் இறங்கவில்லை. தொண்ணூற்றுமூன்றில், மழை தொடங்கிய நாளொன்றில், பகலில் இறந்துபோனார். மாமாவுக்குச் சொல்லி அனுப்பினோம். வரவில்லை. பெட்டிக்குப் பலகை கிடைக்காமல் வீட்டுக் கதவுகள் இரண்டைக் கழற்றிப் பெட்டி அடித்தோம்.

என் கால்கள் டொக்டர் சொன்னபடியேதான் போயின. முதலில் பிள்ளைகளோடு கூட ஓடுவதை நிறுத்தினேன். பிறகு பாய்ந்து காட்டுவதை நிறுத்தினேன். பிறகு மைதான ஓரத்தில் கதிரையில் இருந்து விசில் ஊதினேன். நடக்கும்போது குதி நிலத்தில் தொப்பென்று விழும். அண்ணைக்குத் தெரியாமல் வந்தது எனக்குத் தெரிந்து வந்தது. அது நல்லதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பிழையான குளிசை ஒன்றும் நான் குடிக்கவில்லை, என் எலும்புகள் உக்கவில்லை, எனக்குச் சலரோகம் இல்லை. இன்றைக்கு நான் உயிரோடு இருப்பதற்கு அந்தப் படமும் ஒரு காரணம். ஆனால் இருபத்தைந்து வயதில், ஓடக்கூடிய காலோடு, ஒவ்வொரு காலையும் கட்டிலை விட்டு இறங்கி இன்றைக்கு எது போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த வருடங்களை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கியபோது எல்லோரும் உடனே வெளிக்கிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மச்சாள் என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டினார். அண்ணையின் மகள் என் முழங்காலைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தாள். அம்மா ஒரு பையோடு பின்னால் வந்தார். கைதடிப் பாதையில் சனம் ஒன்றோடொன்று ஒட்டி நின்றது, மழை பெய்தது. நகர்ந்து, நின்று, நகர்ந்து போகையில் ஒரு நெரிசலில் சைக்கிள் சரிந்து நான் விழுந்தேன். எழும்பத் தெரியாமல் சேற்றில் கிடந்தேன். காலடிகள் என்னைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. முன்பின் தெரியாத ஒருவர் நெல் மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி மறுபடி கரியரில் வைத்துவிட்டு, காயமோ என்று கேட்டார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை மூலை ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அந்த அறைக்குள் பல குடும்பங்கள். பாயில்லாத சீமெந்து நிலம். படுத்தால் எழும்ப முடியாது. மச்சாள் பின்னால் நின்று கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்துவார். பக்கத்தில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு இரக்கத்தோடு, எந்தச் செல் குண்டில் பட்டது என்று கேட்டார்.

“செல் இல்லை அக்கா,” என்றார் மச்சாள். “இது எங்கடை குடும்பத்து வருத்தம்.”

அந்தப் பெண் தன் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளிப் படுக்க வைத்தார். மச்சாள் அதைக் கண்டார்.

பெரிய கஷ்டம் கக்கூஸ்தான். அங்கே குந்தி இருக்க வேண்டும். குந்தினால் என்னால் எழும்ப முடியாது. உள்ளே இன்னொருவர் நிற்க இடமில்லை. வந்த அன்றும் அடுத்த நாளும் நான் தண்ணீர் குடிக்காமல் இருந்தேன். மூன்றாம் நாள் மச்சாள் எங்கோ போய், சாய்மானம் உடைந்த ஒரு மரக் கதிரையைத் தலையில் வைத்துக் கொண்டுவந்தார். இடம்பெயர்ந்து வந்திருந்தவர்களில் வாள் வைத்திருந்த ஒருவரைப் பிடித்து அதன் நடுவில் வட்டமாக வெட்டுவித்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மதிலோரம் ஒரு கிடங்கு வெட்டி, அதற்கு மேலே கதிரையை வைத்தார். அம்மாவும் அண்ணையின் மகளும் ஒரு சீலையின் இரண்டு தலைப்பையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றார்கள்.

நான் அதில் இருந்தேன். வெட்டிய விளிம்பு சரியாகச் சீவாமல் தொடையில் குத்தியது. சீலைக்கு வெளியே மச்சாள் ஆரோ ஒருவரைச் சத்தம் போட்டு அந்தப் பக்கத்தால் சுற்றிப் போகச் சொல்வது கேட்டது. முடிந்ததும் கூப்பிட்டேன். வந்து கக்கத்தில் கை கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார்.